பிரேபனின் நூறு சதவீதக் கட்டு

உலகத்திலேயே தோல்வியை அடியோடு ஒழித்த முதல் ஊர், டென்மார்க்கில் உள்ள எங்கள் ஹோர்சென்ஸ்தான். இது ஊர்ப்பெருமை அல்ல, புள்ளிவிவரம். பெரியம்மையை ஒழிக்க மருத்துவ உலகத்துக்கு ஏறக்குறைய இருநூறு வருடம் தேவைப்பட்டது. நாங்கள் தோல்வியை ஒரே குளிர்காலத்தில் ஒழித்தோம். அதுவும் வியாழக்கிழமைகளில் மட்டும், நூலகத்துக்கு அடியில் உள்ள நிலவறையில், காப்பி குடித்துக்கொண்டே.

இந்தச் சாதனைக்குச் சொந்தக்காரர் எங்கள் ‘ஏழு கோட்டை’ சங்கத்தின் தலைவர் பிரேபன். நான் செயலாளர், பெயர் கிரெஸ்டன். தொழில் லிஃப்ட் பழுது பார்ப்பது. ஒரு பொருள் எப்படி இயங்குகிறது என்று தெரிந்துவிட்டால் அதை அடுத்தவருக்கு விளக்காமல் எனக்கு இருப்புக்கொள்ளாது. ஆகவே முதலில் ஆட்டத்தை விளக்கிவிடுகிறேன். பொறுமை இல்லாதவர்கள் படிக்கட்டில் போகலாம்.

ஏழு கோட்டை என்பது ஐம்பத்திரண்டு சீட்டை வைத்துப் பந்தயம் கட்டும் சமாசாரம் அல்ல. கடையில் படம் போட்ட சீட்டுகளைப் பொட்டலமாக விற்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பது பிரித்த பிறகுதான் தெரியும். அப்படி வருடக்கணக்காகச் சேர்த்த சீட்டுகளிலிருந்து அறுபதைப் பொறுக்கி எடுத்து, உங்களுக்கென்று ஒரு கட்டு அமைத்துக்கொள்கிறீர்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் அவருடைய அறுபதோடு வந்திருப்பார். ஆளுக்கு ஏழு மதில். யாருடைய ஏழும் முதலில் இடிகிறதோ, அவர் தோற்றார். சீட்டுகளில் இரண்டு வகை: கல், படை. கல் இருந்தால்தான் படையை இறக்க முடியும். கல் குறைந்தால், கை நிறைய மாவீரர்களை வைத்துக்கொண்டு ஒருவரையும் இறக்க முடியாமல் முழித்துக்கொண்டிருப்பீர்கள். கல் அதிகமானால் உங்களிடம் இருப்பது கோட்டை அல்ல, குவாரி. அறுபதில் எத்தனை கல் வைப்பது என்ற கேள்வியில் எங்கள் ஊரில் ஒரு நிச்சயதார்த்தமே முறிந்திருக்கிறது.

இங்கேதான் புள்ளிவிவரம் வருகிறது. மனித நினைவு ஒரு மோசமான கணக்கப்பிள்ளை. தோற்ற ஆட்டத்தை அது ‘துரதிர்ஷ்டம்’ என்ற தலைப்பில் எழுதும், ஜெயித்த ஆட்டத்தைத் ‘திறமை’ என்ற தலைப்பில் எழுதும். ஆகவே ஒவ்வொரு ஆட்டத்தையும் குறித்து வைப்பது நல்லது. எந்தக் கட்டோடு ஆடினீர்கள், எதிராளியின் கட்டு எப்படிப்பட்டது, யார் முதலில் தொடங்கினார், முதலில் கைக்கு வந்த சீட்டுகள் பிடிக்காமல் திருப்பிப் போட்டீர்களா, முடிவு என்ன. நாலு ஆட்டத்தில் ஒன்றும் தெரியாது. நாணயத்தைச் சுண்டினாலும் நாலில் மூன்று தலை விழும். ஆனால் இருநூறு ஆட்டம் சேர்ந்தால் உண்மை மெல்ல எட்டிப் பார்க்கும். வில்லாளிகள் கட்டு எதிரே வந்தால் நம் கட்டு நடுங்குகிறது. இரண்டு கல்லை எடுத்துவிட்டு இரண்டு கேடயம் வைத்தால் நடுக்கம் குறைகிறது. இதெல்லாம் அருமையான விஷயம். இதில் கேலி செய்ய ஒன்றும் இல்லை. நாங்கள் அப்படிச் செய்தோம் என்று நான் சொல்லவும் இல்லை.

எங்கள் சங்கத்தில் பிரேபனையும் என்னையும் சேர்த்துப் பதினைந்து பேர். அதில் ஒருத்தி சோல்வை. பிளம்பர் வேலை, சொந்தமாக ஒரு வேன். வாயைத் திறந்தால் குழாய் உடைந்த மாதிரிதான். வருடா வருடம் மே மாதத்தில் ஒடென்சே நகரத்தில் தேசியப் போட்டி நடக்கும். அதில் ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரே ஓர் இடம். அந்த இடத்தின் மேல் சோல்வைக்கு ஆறு வருடமாகக் கண். எங்களிடம் பழைய வழக்கம் ஒன்று இருந்தது: மார்ச்சில் ஒரு சனிக்கிழமை எல்லாரும் எல்லாரோடும் ஆடுவோம், பட்டாணி சூப் குடிப்போம், ஜெயிப்பவர் ஒடென்சே போவார். ஆடிப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்கும் இந்தக் காட்டுமிராண்டி முறையில் சோல்வை பல முறை இரண்டாவதாக வந்திருக்கிறாள். போன இலையுதிர் காலத்தில் அவள் ஒரு புதிய கட்டு அமைத்தாள். சுரங்கப் படை. மதில் மேல் ஏறாமல் அடியில் தோண்டிக்கொண்டு போய் இடிக்கும். பிளம்பருக்கு வேறு என்ன தோன்றும்?

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை அந்தச் சுரங்கப் படையிடம் பிரேபன் வரிசையாக மூன்று ஆட்டம் தோற்றார். அடுத்த வியாழக்கிழமை லேப்டாப்போடு வந்தார்.

பிரேபன் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் ‘வளர்ச்சி ஆலோசகர்’. என்ன வளர்கிறது என்று நாங்கள் கேட்டதில்லை. லேப்டாப்பைச் சுவரில் உள்ள திரையோடு இணைத்துவிட்டு, தொண்டையைக் கனைத்தார்.

“நண்பர்களே, நாம இத்தனை வருஷமா வெறும் உணர்ச்சியில ஆடிக்கிட்டு இருக்கோம்.”

“போன வாரம் மூணு தடவை தோத்தியே, அந்த உணர்ச்சியா?” என்றாள் சோல்வை.

“மூணு ஆட்டத்தை வச்சு எதுவும் சொல்ல முடியாது சோல்வை. அது ரொம்பச் சின்ன சாம்பிள்.”

இது முழுக்க முழுக்க சரி. பிரேபன் தோற்ற மூன்று ஆட்டத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அவர் ஜெயிக்கும் இரண்டு ஆட்டத்தை வைத்து ஒரு அரசியல் சாசனமே எழுதலாம் என்பது பின்னால் தெரிந்தது.

அன்று அவர் கொண்டுவந்த தீர்மானம் இதுதான்: இனி ஒவ்வொரு ஆட்டமும் லேப்டாப்பில் பதியப்படும். மார்ச் முடிவில் யாருடைய கட்டுக்கு வெற்றி வீதம் அதிகமோ, அவரே ஒடென்சே போவார். சூப் தொடரும்.

“எழுதுங்க, எழுதுங்க,” என்றாள் சோல்வை. “எழுதினா எனக்கென்ன பயம்? நான்தான் ஜெயிக்கிறேனே.” முதலில் உயர்ந்த கை அவளுடையது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

முதல் சில வாரம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பிறகு ஊஃபேயின் விவகாரம் வந்தது. ஊஃபே பல் மருத்துவர், மென்மையான மனிதர். அவர் பொருளாளர் போடிலிடம் ஓர் ஆட்டம் தோற்றார். கையில் வந்தது முழுக்கக் கல்.

“இது ஆட்டமே இல்லப்பா,” என்று அவர் பிரேபனிடம் முறையிட்டார். “ஒரு படை கூட வரல. நான் உட்கார்ந்து கல்லைப் பாத்துக்கிட்டே இருந்தேன். இதை என் கட்டோட தோல்வின்னு எப்படி எழுதறது? இது வானிலை.”

பிரேபன் உடனே இருவரைக் கூப்பிட்டார். மூன்று பேர் கொண்ட ‘தரவுத் தூய்மைக் குழு’ அங்கேயே அமைக்கப்பட்டது. குழு காப்பிப் பாத்திரத்தின் அருகே கூடி, ஊஃபேயின் தோல்வி வானிலைதான் என்று தீர்ப்பளித்து நீக்கியது.

“அப்ப என் வெற்றி?” என்றார் போடில்.

“அது இருக்கும். ஜெயிச்சது ஜெயிச்சதுதானே.”

சோல்வை தன் சீட்டைக் கீழே வைத்தாள். “ஒரு நிமிஷம். அது ஒரே ஆட்டம்தானே? ஒரே மேஜை. போடில் யாரை ஜெயிச்சாங்க?”

“அது குழுவோட வரம்புக்குள்ள வராது,” என்றார் பிரேபன்.

இவ்வாறு எங்கள் சங்கத்தில் வெற்றிகளின் எண்ணிக்கை தோல்விகளின் எண்ணிக்கையைத் தாண்டியது. இரண்டு பேர் ஆடும் ஆட்டத்தில் இது கணித உலகுக்குப் புதிது. ஜனவரிக்குள் குழு வேறு பல வானிலைகளையும் கண்டறிந்தது: மதியம் சரியாகச் சாப்பிடாதது, எதிராளி மிக மெதுவாக ஆடியது, மிக வேகமாக ஆடியது, சிரித்தது.

ஆனால் இவையெல்லாம் சில்லறை. பிரேபனின் மேதைமை பதிப்புகளில்தான் வெளிப்பட்டது. இதை நான் கொஞ்சம் விளக்க வேண்டும்.

கட்டில் ஒரு சீட்டை மாற்றினால் அது பழைய கட்டா, புதிய கட்டா? நியாயமான கேள்வி. இருபது சீட்டை மாற்றிவிட்டுப் பழைய கணக்கையே தொடர்ந்தால் கணக்கு பொய் சொல்லும். ஆகவே கவனமாக ஆடுபவர்கள் பெரிய மாற்றம் செய்யும்போது கட்டுக்குப் புதிய பதிப்பு எண் கொடுத்து, கணக்கைப் புதிதாகத் தொடங்குவார்கள். பிரேபன் இந்த உயர்ந்த கோட்பாட்டை அதன் எல்லை வரை கொண்டு சென்றார். சோல்வையின் சுரங்கம் அவருடைய கடைசி மதிலைச் சாய்த்ததும், சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். கட்டிலிருந்து ஒன்றை உருவிவிட்டு இதைச் செருகினார். லேப்டாப்பில் ‘ஏழாம் பதிப்பு’ என்று தட்டினார்.

“தோத்தது ஆறாம் பதிப்பு,” என்று விளக்கினார். “அதை ஓய்வு கொடுத்து அனுப்பியாச்சு. ஏழாம் பதிப்பு இதுவரைக்கும் ஒரு ஆட்டம்கூடத் தோத்ததில்ல.”

“அது ஒரு ஆட்டம்கூட ஆடினதில்லையே பிரேபன்.”

“அதனாலதான் நம்பிக்கையா இருக்கு.”

அடுத்த வாரமே எல்லாருடைய சட்டைப் பையிலும் ஒரு சீட்டு முளைத்தது. யாராவது தோற்றால் உடனே பைக்குள் கை போகும். ஊஃபே அதே இரண்டு சீட்டுகளை மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருந்தார். உள்ளே இருந்தது வெளியே, வெளியே இருந்தது உள்ளே.

“ஊஃபே, இது போன வாரக் கட்டேதான்,” என்றாள் சோல்வை.

“இல்லம்மா,” என்றார் ஊஃபே பணிவாக. “போன வாரக் கட்டு தோத்துடுச்சு. இது பாடம் கத்துக்கிட்ட கட்டு.”

சோல்வை மட்டும் அந்த அறுபது சீட்டில் கை வைக்கவே இல்லை. தோற்றால் ‘தோல்வி’ என்று தட்டினாள். ஜெயித்தால் ‘வெற்றி’ என்று தட்டினாள். “ஒரே கட்டை வச்சு ஆடினாத்தானே அதைப் பத்தி ஏதாவது தெரியும்?” என்பது அவள் வாதம். நூறு ஆட்டத்துக்கு மேல் ஆடி அவளுடைய வெற்றி வீதம் ஐம்பத்தெட்டில் நின்றது. இந்த ஆட்டத்தில் ஐம்பத்தெட்டு என்பது நிஜமாகவே பெரிய விஷயம். எதிராளியும் ஜெயிக்கத்தான் வந்திருக்கிறார் என்ற தொல்லை ஒன்று இருக்கிறதல்லவா? ஆனால் சுவரில் உள்ள திரையில் அவளைச் சுற்றித் தொண்ணூறுகள் மின்னும்போது, ஐம்பத்தெட்டு ஒரு நோயின் பெயர் மாதிரி தெரிந்தது.

பிப்ரவரியில் பிரேபன் அவளை ‘வளர்ச்சி உரையாடலுக்கு’ அழைத்தார். இது எங்கள் நாட்டு அலுவலகங்களில் வழக்கமாக நடப்பது. மேலாளர் மெழுகுவர்த்தி ஏற்றி, இலவங்கப்பட்டை ரொட்டி கொடுத்து, உங்களிடம் என்ன குறை என்று உங்களையே சொல்ல வைப்பார். நான் செயலாளர் என்பதால் உடன் இருந்தேன்.

“சோல்வை, உன் தோல்விகளைப் பத்தி எங்களுக்கெல்லாம் கவலையா இருக்கு.”

“யார்கிட்ட தோத்தேன்னு பாத்தியா? உன்கிட்டயும் தோத்திருக்கேன்.”

“அதுதான் விஷயம். நீ தோக்கறதால சங்கத்தோட சராசரி இறங்குது.”

“நான் தோக்கலன்னா நீ எப்படிப்பா ஜெயிப்ப?”

பிரேபன் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போலப் புன்னகைத்தார். “தங்கமீனை வச்சு.”

தங்கமீனும் எங்கள் ஆட்டத்தில் உள்ளதுதான். புதிய கட்டு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்க்க, தனியாக உட்கார்ந்து ஆடிப் பார்ப்போம். எதிரே ஒரு தங்கமீன் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அது சீட்டு போடாது, தடுக்காது, தாக்காது. என்ன நடந்தாலும் ஒன்றும் செய்யாது. வெறுமனே வாயைத் திறந்து மூடிக்கொண்டு நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதன் ஏழு மதிலையும் எத்தனை முறையில் இடிக்க முடிகிறது என்று எண்ணிக்கொள்வோம். லிஃப்டை ஆள் ஏற்றாமல் ஓட்டிப் பார்ப்பது போல. நல்ல சோதனைதான். ஆனால் ஆள் ஏறாத லிஃப்டை வைத்து, இது யாரையும் கீழே போட்டதில்லை என்று சான்றிதழ் கொடுக்கும் தைரியம் என் தொழிலில் இன்னும் யாருக்கும் வரவில்லை. பிரேபனுக்கு வந்தது. தங்கமீனுக்கு எதிரான வெற்றிகளும் வெற்றிகளே என்று தூய்மைக் குழு அறிவித்தது.

அதற்குப் பிறகு எங்கள் நிலவறையைப் பார்த்திருக்க வேண்டும். பதினாலு மேஜை, மேஜைக்கு ஒருவர், எதிரே காலி நாற்காலி. தேவாலயத்தில்கூட அவ்வளவு அமைதி இருக்காது. சீட்டு விழும் சத்தம், பிறகு லேப்டாப்புக்குப் போய் ‘வெற்றி’ என்று தட்டும் சத்தம். சோல்வை மேஜை மேஜையாகப் போய் நிற்பாள்.

“போடில், ஒரு ஆட்டம்?”

“இப்ப வேண்டாம் கண்ணு. நான் ஒரு ஆட்டத்துக்கு நடுவுல இருக்கேன்.”

“எதிர்ல யாருமே இல்லையே.”

“ஆமா. நல்லாப் போய்க்கிட்டு இருக்கு.”

அவளோடு ஆட ஒப்புக்கொண்டவன் நான் மட்டும்தான். நானும் சட்டைப் பையில் சீட்டு வைத்திருந்தேன் என்பதை நடுநிலை கருதிக் குறிப்பிடுகிறேன்.

ஒரே ஒரு அசம்பாவிதம் நடந்தது. ஊஃபே தங்கமீனிடம் தோற்றுவிட்டார். இது முடியாத காரியம் போலத் தோன்றும். ஆனால் எடுக்கச் சீட்டு இல்லாமல் கட்டு தீர்ந்துபோனால் தோல்வி என்று ஒரு விதி உண்டு. அவ்வளவு பாதுகாப்பாக ஆடியிருக்கிறார். கண் கலங்கிப்போனார். குழு அவசரமாகக் கூடி, தங்கமீனிடம் தோற்பது எந்தக் காலத்திலும் வானிலையே என்று ஒரு நிரந்தரத் தீர்ப்பை எழுதி வைத்தது. இந்தத் தீர்ப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் முடிவில் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம். திரையில் பதினாலு பேருக்கு எதிரே நூறு. சோல்வைக்கு எதிரே ஐம்பத்தெட்டு. பதினாலு பேரும் சமம் என்பதால், சங்க விதிப்படி தலைவரின் பெயரே ஒடென்சேவுக்குப் போகும். போட்டியின் விதிப்படி ஒரு மாற்று ஆளின் பெயரும் கொடுக்க வேண்டும். அந்தப் பதவிக்கு வேண்டிய தகுதி என்ன என்று கூட்டம் ஆராய்ந்தது. வேன் என்று முடிவாயிற்று.

“நான் வண்டி ஓட்டறதுக்காக ஆறு வருஷம் காத்துக்கிட்டு இருக்கல,” என்று எழுந்தாள் சோல்வை. “பழைய மாதிரி ஒரு சனிக்கிழமை ஆடிப் பாக்கலாம். நீங்க பதினாலு பேரும் என்கிட்ட ஒவ்வொரு ஆட்டம் ஆடுங்க. தோத்தா நான் வாயை மூடிக்கிறேன்.”

“நல்ல கருத்து,” என்றார் பிரேபன். “இதை ‘இதர’வில் எடுத்துக்கலாம்.”

எங்கள் நாட்டுச் சங்கங்களில் கூட்ட நிகழ்ச்சி நிரலின் கடைசி அம்சம் எப்போதும் ‘இதர’. அதில் எவரும் எதையும் பேசலாம். ஆனால் விதிப்படி அதில் எதையும் தீர்மானிக்க முடியாது. ஜனநாயகம் இதைவிட மென்மையாக ஒரு மனிதரின் வாயை அடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. சோல்வை இதரவில் பதினைந்து நிமிடம் பேசினாள். எல்லாரும் தலையாட்டினோம். பிறகு சூப் வந்தது.

மே மாதம் வேனில் ஒடென்சே போனோம். முன்னால் சோல்வையும் பிரேபனும், பின்னால் குழாய்களுக்கு நடுவே நான். பிரேபனின் மடியில் முப்பத்தோராம் பதிப்பு. சோல்வையின் சுரங்கப் படை, டாஷ்போர்டு மேல் ஒரு ரப்பர் பட்டைக்குள் இருந்தது.

“அதை எதுக்கு எடுத்துட்டு வந்த?” என்றார் பிரேபன்.

“சாப்பாட்டு இடைவேளையில யாராவது ஆடுவாங்க. மனுஷங்க வர்ற இடமாச்சே.”

மண்டபத்தில் முதல் வேலை, கட்டைப் பதிவு செய்வது. நடுவராக இருந்த பெண் அறுபது சீட்டின் பெயரையும் சரிபார்த்து முத்திரை வைத்தார்.

“இனி சாயங்காலம் வரைக்கும் இதேதான். மாத்தக் கூடாது.”

“ஒரு சீட்டுகூடவா?”

“ஒரு சீட்டுகூட.”

பிரேபனின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய், அங்கேயே நின்றுவிட்டது. அந்த முகத்தை நான் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் பார்த்திருக்கிறேன்.

முதல் சுற்றில் அவருக்கு எதிரே எஸ்பியர் ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் உட்கார்ந்தார். கட்டைக் கலைத்தார். “வணக்கம்” என்றார். பிரேபன் திடுக்கிட்டார். மாதக்கணக்கில் எதிர் நாற்காலி அவரிடம் பேசியதில்லை. கையை நீட்டி, “ஆடாமலே சமம்னு எழுதிக்கலாமா?” என்றார்.

“ரெண்டு ரயில் மாறி வந்திருக்கேன்யா,” என்றார் ஆசிரியர். “ஆடலாம்.”

பிரேபன் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கை நகர்ந்தது. ஒரு சீட்டை எடுத்தது. அதைப் போடுவதற்கு முன்பே எங்கள் தலைவர் எழுந்துவிட்டார்.

“எனக்கு வயிறு சரியில்ல. மாற்று ஆள்.”

சோல்வையின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். ஆறு வருடம். “இரு, என் கட்டை எடுத்துட்டு வந்துடறேன். வண்டியிலதான் இருக்கு,” என்று திரும்பினாள்.

நடுவர் தலையை ஆட்டினார். “ஆள் மாறலாம். பதிவு செஞ்ச கட்டு மாறக் கூடாது.”

ஆக, சோல்வை தன் வாழ்நாளில் ஒருமுறைகூடத் தொட்டிராத முப்பத்தோராம் பதிப்போடு தேசியப் போட்டியில் உட்கார்ந்தாள். அந்தக் கட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் தங்கமீனுக்கு எதிராகச் செதுக்கப்பட்டது. எல்லாம் மலை போன்ற யானைப்படை. எதிராளி தாக்கினால் தடுக்க ஒரு கேடயம்கூட இல்லை. தங்கமீன் தாக்காதே, கேடயம் எதற்கு? முதலில் கைக்கு வந்த சீட்டுகளை விரித்துப் பார்த்த சோல்வை, அவற்றைத் திருப்பிப் பார்த்தாள், மீதிக் கட்டைப் பார்த்தாள், பிறகு பிரேபனைப் பார்த்தாள். அவர் ஹாட் டாக் கடை வரிசையில் நின்றார்.

ஏழு சுற்று. நான்கு தோற்றாள். ஆனால் மூன்றில் ஜெயித்தாள். அந்தக் கட்டை வைத்து மூன்றில் ஜெயிப்பது, கயிறு இல்லாத லிஃப்டை மூன்றாவது மாடிக்கு ஏற்றுவது போல. முதல் சுற்றில் அவளை ஜெயித்த ஆசிரியர் தன் ஆட்டங்களை முடித்துவிட்டு வந்து பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதை யார் கட்டினது?” என்று என்னிடம் கேட்டார்.

“எங்க தலைவர்.”

“அவருக்கு எதிராளின்னாலே பிடிக்காதோ?”

திரும்பும்போது கடல் மேல் உள்ள பாலத்தைத் தாண்டினோம். பிறகு சோல்வைதான் ஆரம்பித்தாள்.

“மூணு ஜெயிச்சேன் பிரேபன்.”

“பாத்தேன். கட்டு பிரமாதமா வேலை செஞ்சது.”

“நாலு தோத்தேன்.”

“அதுக்காக மனசைப் போட்டு உழப்பிக்காத,” என்றார் பிரேபன் கனிவாக. “கத்துக்கறவங்களுக்கு அதெல்லாம் சகஜம்.”

சோல்வை வேனின் கியரை மாற்றிய வேகத்தில் பின்னால் ஒரு பெட்டி செப்புக் குழாய் மூட்டுகள் என் மேல் கொட்டின.

அடுத்த வியாழக்கிழமை நிலவறையில் கொண்டாட்டம். மூன்றடுக்கு கேக், அதன் மேல் குட்டிக் குட்டியாகக் காகிதக் கொடிகள். பிரேபன் எழுந்து ஒடென்சே முடிவுகளைச் சங்கப் பதிவில் சேர்ப்பது குறித்த தீர்மானத்தை வாசித்தார். மூன்று வெற்றியும் முப்பத்தோராம் பதிப்பால் கிடைத்தவை. ஆகவே கட்டின் கணக்கில் சேரும். நான்கு தோல்வியும் ஆடியவரின் பிழைகளால் நேர்ந்தவை. ஆகவே சோல்வையின் கணக்கில் சேரும். கட்டு நூறிலேயே நிற்கிறது. தலைவர் தேசியப் போட்டியிலிருந்து தோல்வி காணாமல் திரும்பியிருக்கிறார்.

“எதிர்க்கறவங்க கை தூக்கலாம்,” என்றார்.

சோல்வையின் கை உயர்ந்தது. அவள் அப்படியே சுற்றிப் பார்த்தாள். ஊஃபே கேக்கில் உள்ள கொடியைப் பிடுங்கி மறுபடி நட்டார். போடில் கண்ணாடியைத் துடைத்தார். அவள் கடைசியாகப் பார்த்தது என்னை. எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்தவன், எது எப்படி இயங்குகிறது என்று எல்லாருக்கும் விளக்குபவன்.

“கிரெஸ்டன். நீ அங்க இருந்தியே. ஏதாவது சொல்லப் போறியா?”

நான் வாயைத் திறந்தேன். மூடினேன்.

தீர்மானம் நிறைவேறியது. சோல்வை கையை இறக்கினாள். லேப்டாப்புக்குப் போய், சங்கத்தில் தன்னுடைய கடைசி ஆட்டத்தைப் பதிந்தாள். பிறகு சுரங்கப் படையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியேறிப் போனாள். வேன் கிளம்பும் சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டது. நாங்கள் விதிப்படி மூன்று முறை ஜயகோஷம் போட்டு, கேக்கை வெட்டினோம்.

அன்றிலிருந்து எங்கள் சங்கத்தில் ஒரு தோல்விகூடப் பதிவாகவில்லை. மற்ற ஊர்ச் சங்கங்கள் எங்களிடம் வந்து கற்றுக்கொள்ளலாம். பதினாலு பேர், பதினாலு நூறு.

சோல்வையின் கடைசிப் பதிவு மட்டும் இன்னும் திரையில் இருக்கிறது. ‘எதிராளி: தங்கமீன், பதினாலு. முடிவு: தோல்வி.’ தங்கமீனிடம் தோற்பது வானிலை என்று நிரந்தரத் தீர்ப்பு இருக்கிறது. ஒரு நிமிடத்தில் நீக்கிவிடலாம். அதற்கு யாராவது ஒருவர் கை தூக்கி முன்மொழிந்தால் போதும்.

ஒவ்வொரு வியாழக்கிழமையும் பதினாலு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். எங்களுக்குக் கை ஏது?